நெடுந்தூர சைக்கிளுக்கு எந்த ஷார்ட்ஸ்: தோளில் மாட்டும் பிப்பா, இடுப்பு ஷார்ட்ஸா, உள்ளே போடும் லைனரா?

200 கி.மீ. ஓட்டப் போகிறவர் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்பார். ஓட்டிவிட்டு வந்தவர் கேட்பது வேறு இடத்தைப் பற்றி. அதுவும் ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி. தொடை இடுக்கு உரசிப் புண்ணாவதும் உட்காரும் இடத்தில் கட்டி வருவதும் நம் ஊரில் கூச்சத்தாலேயே பேசப்படாமல் போகிற சங்கதிகள். ஆளாளுக்குக் கையில் கிடைத்ததை வாங்கிப் பணத்தை விட்டுவிட்டு, கடைசியில் சீட்டின் மேல் மெத்துமெத்தென்று ஒரு ஜெல் கவரை மாட்டிக்கொண்டு சமாதானம் ஆகிவிடுகிறார்கள். அந்த ஜெல் கவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் 40, 50 கி.மீ. ஓட்டிப் பழகி, முதல் பிரெவேக்கு, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பாரிஸின் ஆடாக்ஸ் கிளப் வகுத்த விதிப்படி இந்த ஓட்டங்களில் 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் கொடுப்பார்கள். 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. நேரம் தாராளம்தான். ஆனால் அந்த நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தே கழிய வேண்டும். நிமிடத்துக்கு 80 சுற்று என்று 9 மணி நேரம் மிதித்தால் 43,200 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் தொடையின் உட்பக்கம் சீட்டின் மூக்கைத் தேய்த்துவிட்டுத்தான் போகிறது. 50 கி.மீ.யில் லேசான சிவப்பாக நின்றுபோவது, 150-ஆவது கி.மீ.யில் தோலை உரித்துவிடும்.

அழுத்தம், அசைவு, ஈரம் இந்த மூன்றும் சேர்ந்தால் உரசல் நிச்சயம். அழுத்தம் நம் எடை; அதை ஒரு வாரத்தில் குறைக்க முடியாது. அசைவைக் குறைப்பது ஷார்ட்ஸின் அளவும் சீட்டின் உயரமும். ஈரம்தான் நம் ஊரின் தனிப் பிரச்சினை. காய்ந்த தோலைவிட நனைந்த தோல் துணியில் அதிகமாகப் பிடிக்கும். அந்த வியர்வை காயும்போது உப்பு பொடியாக நின்றுவிட, அதன்மேல் மிதிப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மாதிரி ஆகிவிடுகிறது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உட்கார்ந்து எழுதியவர்களின் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். 15 டிகிரி குளிரில் சொகுசாக இருக்கும் தடித்த பேட் (ஷார்ட்ஸின் உள்ளே தைத்திருக்கும் மெத்தை), மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டுவதற்குள் ஊறிப்போய்க் கனக்க ஆரம்பித்துவிடும்.

இது சொகுசுக்காரர்களின் புலம்பல் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். அயர்லாந்தின் ஷான் கெல்லி 1987-இல் ஸ்பெயின் சுற்றுப் போட்டியில் முன்னணியில் இருந்தபோது, முடிய மூன்றே நாள் இருக்கையில், உட்காரும் இடத்துக் கட்டியால் விலகினார். பிரான்ஸின் லோரான் ஃபிக்னோன் 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாட்களில் இதே தொல்லையால் தூங்கக்கூட முடியாமல் தவித்தார், 3,000 கி.மீ.க்கு மேல் ஓடிய போட்டியைக் கடைசி நாளில் 8 விநாடியில் கிரெக் லெமாண்டிடம் இழந்தார். அவர் தோற்றதற்குக் காரணம் அந்தப் புண் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உலகின் நல்ல ஷார்ட்ஸும் டாக்டரும் கூடவே இருந்தவருக்கே அந்த நிலை.

சரி, கடைக்குப் போவோம்.

எதுவுமே வேண்டாம் என்பதும் ஒரு வழிதான்

பால்காரர்களும் பேப்பர் போடுகிறவர்களும் காலம் முழுக்க லுங்கியிலும் வேட்டியிலும் ஓட்டியவர்கள்தானே, நமக்கு மட்டும் என்ன பேட் என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த சைக்கிளில் ஹேண்டில் உயரம், சீட் அகலம், அடியில் ஸ்பிரிங். நிமிர்ந்து உட்கார்வதால் எடை முழுவதும் பின்பக்க எலும்பில் இறங்கும். இடுக்கில் ஒன்றும் அழுந்தாது. தெருவுக்குத் தெரு இறங்கி ஏறுவதால் ரத்த ஓட்டமும் தடைபடாது. ரோடு பைக்கில் முன்னால் சாய்ந்து, இறங்காமல் இரண்டு மணி நேரம் மிதிப்பது முற்றிலும் வேறு வேலை.

சாதாரண ஜட்டியும் டிராக் பேண்ட்டும் 25, 30 கி.மீ. வரை தாங்கும். அதற்கு மேல் காட்டன் வியர்வையைக் குடித்துவிட்டு விடாது. ஜட்டியின் கால் ஓரத் தையல் சரியாகத் தொடை இடுக்கின் மடிப்பிலேயே விழும். புண் முதலில் ஒரு கோடாக ஆரம்பிப்பதன் ரகசியம் அந்தத் தையல்தான். இதனாலேயே பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதைச் சொன்னால் நம்புவதில்லை. பேட் நேரடியாகத் தோலில் படுவதற்கென்றே தைக்கப்பட்டது. நடுவில் இன்னொரு துணியை நுழைத்தால் உரசுகிற பரப்பு இரண்டாகிவிடும்.

லைனர்

பேட் வைத்த, வலை மாதிரி மெல்லிய உள் ஷார்ட்ஸ். மேலே எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஒட்டிப் பிடிக்கும் உடையில் டீக்கடை முன்னால் இறங்கி நிற்கக் கூச்சப்படுபவருக்கும் சைக்கிளில் ஆபீஸ் போகிறவருக்கும் இதைவிட நல்ல தீர்வு கிடையாது. விலையும் பெரும்பாலும் 1,000 ரூபாயை ஒட்டியே இருக்கும்.

நெடுந்தூரத்துக்கு இதை நான் சொல்ல மாட்டேன். காரணம் பேட் இல்லை, துணி. வலைத்துணியில் இறுக்கம் போதாது. முதல் மணி நேரத்தில் இருந்த இடத்தில் பேட் மூன்றாவது மணி நேரத்தில் இருக்காது. மேலே போட்ட ஷார்ட்ஸ் அதை ஒருபக்கம் இழுத்துக்கொண்டே போகும். பற்றாக்குறைக்கு அந்த வெளி ஷார்ட்ஸின் நடுத் தையல் சீட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். 60, 70 கி.மீ. வரை லைனர், அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இடுப்பு ஷார்ட்ஸும் பிப்பும்

உண்மையான போட்டி இவை இரண்டுக்கும்தான். ஒரே கம்பெனியின் ஒரே விலைப் படியில் பார்த்தால் இரண்டிலும் பெரும்பாலும் அதே பேட், அதே துணி. வித்தியாசம் பேட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதில். இடுப்பு ஷார்ட்ஸில் இடுப்புப் பட்டை பிடிக்கிறது. பிப்பில் தோளிலிருந்து வரும் பட்டை பிடிக்கிறது.

இடுப்புப் பட்டைக்கு ஒரு சங்கடம் உண்டு. குனியும்போது வயிறு மடிந்து பட்டையைக் கீழே உருட்டிவிடும். பட்டை இறங்கினால் பேடும் இறங்கும், கால் இடுக்கில் ஒரு விரற்கடை இடைவெளி விழும். அந்த இடைவெளியில்தான் துணி சுருண்டு தோலைத் தின்ன ஆரம்பிக்கும். தட்டையான வயிறு உள்ளவருக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனால் நம் ஆட்களில் நாற்பதைத் தாண்டியவர்களின் உடல்வாகு என்ன? மெல்லிய தொடை, முன்னால் கொஞ்சம் தொப்பை. இடுப்புக்குப் பார்த்து வாங்கினால் தொடையில் லொடலொட. தொடைக்குப் பார்த்து வாங்கினால் வயிற்றில் கயிறு கட்டிய மாதிரி இறுக்கம், இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறினால் மூச்சு முட்டும். இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பிப் வாங்கலாம். இடுப்பில் பட்டையே இல்லாததால் தொடையளவுக்குச் சரியாக எடுக்க முடியும். ஒல்லியான பந்தய வீரர்களின் உடை என்று பிப்புக்குப் பெயர்; தொப்பைக்காரருக்குத்தான் அதனால் லாபம் அதிகம்.

பிப்பின் குறைகளும் சின்னவை அல்ல. முதலாவது வெயில். பட்டையும் முதுகு வலையும் சேர்ந்து ஜெர்ஸிக்குள் இன்னொரு அடுக்கு. நல்ல பிப்பில் பட்டை சல்லடை மாதிரி இருப்பதால் தெரியாது. மலிவான பிப்பில் அதே லைக்ராவையே தோள்வரை இழுத்துத் தைத்திருப்பார்கள், சித்திரை வெயிலில் அது கொடுமை. இரண்டாவது கழிப்பறை. ஆண்களுக்குச் சிறுநீர் கழிக்கப் பெரிய தடை இல்லை, முன்பக்கத்தை இழுத்துக்கொள்ளலாம். பெண்கள் ஜெர்ஸியைக் கழற்றி, பட்டையை இறக்கி, பெட்ரோல் பங்கின் ஈரத் தரையில் எதையும் படவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்தச் சள்ளைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் அது உரசலைவிட ஆபத்து. பின்பக்கம் கொக்கியோ நெகிழ்வோ வைத்து, பட்டையைக் கழற்றாமலே இறக்கும் பெண்கள் பிப்கள் வந்திருக்கின்றன. ஆனால் விலை ஏறும், இங்கே கடையில் போட்டுப் பார்க்கக் கிடைப்பதும் அரிது. அது கிடைக்காத வரைக்கும், பெண்களுக்கு அகலமான, உயர்ந்த இடுப்புப் பட்டை வைத்த இடுப்பு ஷார்ட்ஸே என் தேர்வு. குறுகலான எலாஸ்டிக் நாடா வைத்ததைத் தொடவே வேண்டாம். பேடும் பெண்களுக்கென்று செய்ததாக இருக்கட்டும். உட்காரும் எலும்புகளின் இடைவெளி பெண்களுக்குப் பொதுவாக அதிகம் என்பதால் அதில் பின்பாதி அகன்றிருக்கும், நடுத் தையலும் வேறு மாதிரி போகும்.

ட்ரையத்லான் ஷார்ட்ஸ் என்று ஒன்று உண்டு. நீந்திவிட்டு அப்படியே ஓட்டுவதற்கான மெல்லிய பேட். சீக்கிரம் காய்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம், 13 மணி நேரத்துக்கு அது போதாது.

ட்ரையல் ரூமில் என்ன பார்ப்பது

முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். பேடை ஷார்ட்ஸோடு இணைக்கும் தையல் எங்கே ஓடுகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போங்கள். உட்காரும் எலும்பு படும் இடத்திலோ தொடை இடுக்கின் மடிப்பிலோ மேடாக நெருடினால் விலை எதுவானாலும் திரும்ப வைத்துவிடலாம். தையல் துணியோடு துணியாகப் படுத்திருக்க வேண்டும். கண்ணை நம்பாதீர்கள், கண்ணுக்கு அழகாகத் தெரியும் தையல் விரலுக்கு முள்ளாக இருக்கும்.

அடுத்து பேடின் நடுவைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிடியுங்கள். பொதபொதவென்று உடனே ஒட்டிக்கொண்டால் அது வெறும் பஞ்சு. 70 கிலோ அதன்மேல் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் தட்டையாகிவிடும், மீதி நேரம் பேடே இல்லாத மாதிரிதான். நல்ல நெடுந்தூர பேடில் உட்காரும் எலும்புக்குக் கீழே நுரை அடர்த்தியாகவும், ஓரங்களில் மெலிந்தும் இருக்கும். அழுத்தினால் அடம் பிடித்து மெதுவாக இறங்கும், விட்டவுடன் எழும். தடிமனைப் பார்த்து மயங்குவதுதான் இந்த வியாபாரத்தில் கடைக்காரருக்கு லாபம். ஜெல் வைத்த பேட் கடையில் உட்காரும்போது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ஜெல்லுக்குள் காற்று போகாது, சூட்டை வைத்துக்கொள்ளும். நம் வெயிலுக்குத் துளையிட்ட நுரையே மேல்.

பிறகு போட்டுப் பாருங்கள். நின்ற நிலையில் எல்லாமே தப்பாகத்தான் தெரியும். பேட் கால் நடுவில் தொங்கும், பிப்பின் பட்டை தோளை இழுக்கும், கொஞ்சம் கூனினால் தேவலை போலிருக்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். சைக்கிளில் குனியும் நிலைக்கு வெட்டப்பட்ட துணி அது. நின்றபடி வசதியாக இருக்கும் பிப் சைக்கிளில் ஏறினால் வயிற்றில் சுருக்கம் விழும். அதனால் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, கைகளை முன்னால் நீட்டி, ஹேண்டிலைப் பிடிக்கிற மாதிரி குனிந்து பாருங்கள். தொடையை மாற்றி மாற்றி உயர்த்துங்கள். தொடை இடுக்கில் துணியைக் கிள்ளினால் சுலபமாகக் கையோடு வருகிறதா? வந்தால் ஒரு அளவு கீழே போக வேண்டும். பேட் தோலோடு ஒட்டிக்கொண்டு கூடவே நகர வேண்டும், தோலின் மேல் நகரக் கூடாது. மெல்லியதானாலும் நகராத பேட், நகரும் தடித்த பேடைவிட எவ்வளவோ மேல்.

கால் ஓரத்தில் இருக்கும் சிலிக்கான் பட்டையைக் கவனியுங்கள். தொடையைப் பிதுக்கிவிட்டால் இறுக்கம். குனியும்போது மேலேறினால் தளர்ச்சி. தொடைகள் ஒன்றோடொன்று உரசும் உடல்வாகு என்றால் கால் நீளம் முழங்காலுக்கு மேல் நாலு விரல் வரை வருவதாகப் பாருங்கள். துணி முடிந்து தோலும் தோலும் சந்திக்கும் இடத்தில்தான் அவர்களுக்குப் புண் வரும்.

ஆன்லைனில் வாங்குவதென்றால் டேப்பை எடுத்துப் புட்டத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு எடுங்கள். பேண்ட் சைஸை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். சீனத்திலிருந்து வரும் மலிவுப் பிராண்டுகளில் 'L' என்று எழுதியிருப்பது நம் 'M' அளவைவிடச் சின்னதாக இருப்பது சகஜம். திருப்பிக் கொடுக்க முடியாது என்றால் வாங்காதீர்கள்; உள்ளாடை வகை என்று சொல்லி மறுப்பவர்கள் நிறைய.

பணக் கணக்கு: முதல் 200-க்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையிலான ஷார்ட்ஸ் தாராளமாகப் போதும். டெகாத்லான் மாதிரி விளையாட்டுச் சாமான் கடையில் இந்தப் படியில் கிடைக்கும், முக்கியமாகப் போட்டுப் பார்த்து வாங்கலாம். அஸோஸ், ரஃபா, காஸ்டெல்லி மாதிரி விலை கூடிய பிராண்டுகள் எல்லாம் அருமையான துணி, அருமையான வெட்டு. ஆனால் அந்த விலைக்கு உங்கள் அளவில் இரண்டு, மூன்று நடுத்தர ஷார்ட்ஸ் வந்துவிடும். 600 கி.மீ. பிரெவேயில் இரண்டாம் நாள் காலை போட்டுக்கொள்ள உலர்ந்த ஷார்ட்ஸ் ஒன்று பையில் இருப்பது, போட்டிருப்பது என்ன பிராண்டு என்பதைவிடப் பெரிய விஷயம்.

தடவுவதில் எது தேவலை

கிரீம் தடவும் வழக்கம் நம் தோலுக்காக வந்ததே இல்லை. ஒரு காலத்தில் கம்பளி ஷார்ட்ஸுக்குள் ஷாமோய் என்ற மலையாட்டின் தோலைத்தான் தைத்தார்கள். துவைத்துக் காயவைத்தால் அது விறைத்துவிடும், அதை இளக்கத்தான் கிரீம். இன்றைய நுரைக்கு அது தேவையில்லை. தேவை தோலுக்கும் துணிக்கும் நடுவே ஒரு வழுக்கல்.

தேங்காய் எண்ணெயில் ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். வீட்டில் இருக்கிறது, செலவில்லை. நம் சூட்டில் அது தண்ணீராக ஓடும்; கொஞ்ச நேரத்தில் பேட் குடித்துவிடும். 40 கி.மீ.க்கு ஓகே. வாசலின் அப்படியில்லை, மழையே பெய்தாலும் அசையாது. வடகிழக்குப் பருவமழையில் நனைந்துகொண்டே ஓட்டும் நாளில் அதுதான் கைகொடுக்கும். ஆனால் பேடின் துளைகளை அடைத்துவிடும், துவைத்தால் லேசில் போகாது, அடுத்த தடவை பழைய பிசுக்கிலேயே உட்கார வேண்டியிருக்கும். பவுடர் எனக்குப் பிடிக்காத ஆள். முதல் அரை மணி நேரம் ஜில்லென்று இருக்கும். அப்புறம் வியர்வையோடு சேர்ந்து களியாகி, உருண்டு, குருணை குருணையாகி உரசலைக் கூட்டும். ஓட்டி முடித்துக் குளித்துவிட்டு வீட்டில் போட்டுக்கொள்ள பவுடர் சரி. கிரீமின் மேல் பவுடர் போடுவதை மட்டும் செய்யவே வேண்டாம்.

சைக்கிளுக்கென்றே விற்கும் கிரீம்கள் தண்ணீரில் கழுவினால் போகும், வழுக்கலும் நெடுநேரம் நிற்கும். அவசியமா என்றால் 100 கி.மீ. வரை இல்லை, அதற்கு மேல் ஆமாம். ஐரோப்பியப் பிராண்டுகள் சிலவற்றில் குளிர்ச்சிக்காக மெந்தால் போன்றதைச் சேர்த்திருப்பார்கள். ஆண்களிலேயே சிலருக்கு அது காந்தும். பெண்கள் மெந்தால் இல்லாததாகப் பார்த்து வாங்குவது உத்தமம். எதுவானாலும் பிரெவே நாளில் முதல் தடவையாகத் தடவிப் பார்க்க வேண்டாம். ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போய் 80, 100 கி.மீ.க்கு ஒருமுறை, கட்டுப்பாட்டுச் சாவடியில் கையைக் கழுவிவிட்டுத் தடவிக்கொள்ளுங்கள். காலையில் ஒருமுறை அப்பிக்கொண்டு நாள் முழுக்கத் தாங்கும் என்று எதிர்பார்ப்பவர்கள்தான் மதியத்துக்கு மேல் பெடலில் எழுந்து நின்றே ஓட்டுகிறார்கள். பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவருக்கு, குழந்தைகளின் டயப்பர் புண்ணுக்குத் தடவும் துத்தநாக கிரீம் ஒரு நல்ல மாற்று. வழுக்கல் குறைவு, வெள்ளையாகப் பிடிக்கும். ஆனால் ஏற்கெனவே சிவந்த தோலுக்கு இரவில் தடவ அதைவிட மலிவான மருந்து இல்லை.

மெடிக்கல் ஷாப்பில் "தொடை இடுக்கில் எரிச்சல்" என்று சொன்னால் நம் ஊரில் உடனே ஒரு டியூப் வரும். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த கலவை. முதல் நாளே எரிச்சல் அடங்கிவிடும், அதனால் நல்ல மருந்து என்று தோன்றும். வந்திருப்பது படர்தாமரை என்றால் ஸ்டீராய்டு அதை மறைத்துப் பரப்பிவிடும், பிறகு மாதக்கணக்கில் டாக்டரிடம் அலைய வேண்டும். உரசலால் வந்த சிவப்பு இரண்டு, மூன்று நாளில் தானே அடங்கும். வட்டமாக, ஓரம் தடித்து, அரிப்போடு பரவுவது உரசல் இல்லை. அதற்குத் தோல் டாக்டர்தான், மெடிக்கல் ஷாப் இல்லை.

சவரம் பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் பிரிட்டன் பெண்கள் சைக்கிள் அணிக்கு உட்காரும் இடத்துப் புண்கள் பெரிய தலைவலியாக இருந்தபோது, மருத்துவர்கள் சொன்ன முதல் யோசனைகளில் ஒன்று, வாக்ஸிங்கையும் சவரத்தையும் நிறுத்துங்கள் என்பதுதான். முடி வியர்வையைத் தோலிலிருந்து விலக்குகிறது. மழித்த வேர்க்கால்தான் முதலில் சீழ் பிடிக்கும்.

காசு செலவில்லாத இடம்

ஷார்ட்ஸை மாற்றி மாற்றி வாங்கியும் ஒரே பக்கத்தில் மட்டும் புண் வருகிறதா? தவறு ஷார்ட்ஸில் இருக்க வாய்ப்பு குறைவு. சீட் அளவுக்கு மேல் உயரமாக இருந்தால், பெடல் கீழே போகும்போது எட்டுவதற்காக இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். அந்த ஆட்டம் எந்த பேடையும் தின்றுவிடும். சுவரோரமாக சைக்கிளை நிறுத்தி, செருப்பில்லாமல் ஏறி உட்கார்ந்து, குதிகாலைக் கீழ்ப் பெடலில் வையுங்கள். கால் நேராக இருக்க வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. இதிலிருந்து ஆரம்பித்தால் போதும். கணக்குப் பிரியர்களுக்கு: கால் இடுக்கிலிருந்து தரைவரை உள்ள நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால் வருவது பெடல் கைகள் இரண்டும் சேர்ந்து சுற்றும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேற்புறம் வரைக்குமான உயரம். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் முன்பக்கம் அழுந்தி மரத்துப்போகும். ரொம்பவும் கீழே இறக்கினால் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள், ஒவ்வொரு வழுக்கலும் ஓர் உரசல். மட்டமாக வைத்துவிட்டு, ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று மாற்றிப் பாருங்கள்.

அகலம்? நெளி அட்டையைப் படிக்கட்டில் வைத்துக் குனிந்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி விழும். குழிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, 20 முதல் 25 மி.மீ. வரை கூட்டினால் உங்கள் சீட்டின் அகலம். ஜெல் கவர் இங்கேதான் வருகிறது. அதைப் போட்டால் சீட் தேவைக்கு மேல் அகன்று தொடையின் உட்பக்கத்தைத் தேய்க்கும். போதாததற்குக் கவரே சீட்டின் மேல் இடமும் வலமும் நகரும். மிருதுவாக இருப்பதால் உட்காரும் எலும்பு உள்ளே புதைந்து, நடுவில் இருக்கும் மென்மையான பகுதிக்கு எடை போய்விடும். பார்க்கில் ஒரு ரவுண்டு வர நல்லது. பிரெவேக்குக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்.

கொடுத்த பட்ஜெட்டில் என்ன செய்யலாம் என்று நேராகக் கேட்டால் என் பதில் இது. கையில் 1,000 ரூபாய்தான் என்றால் ஷார்ட்ஸ் வாங்காமல் முதலில் சீட்டைச் சரிசெய்யுங்கள், லைனர் ஒன்று எடுத்து 60 கி.மீ. வரை ஓட்டுங்கள், அவசரப்பட்டு 200-க்குப் போக வேண்டாம். 3,000 ரூபாய் இருந்து தொப்பையும் இருந்தால் பிப். தட்டை வயிறோ, வெயில் தாங்காத உடம்போ, பெண்களோ என்றால் அகலப் பட்டை வைத்த இடுப்பு ஷார்ட்ஸ். 6,000 இருந்தால் ஒரே ஷார்ட்ஸில் போடாமல் இரண்டு வாங்குங்கள், மீதிக்குக் கிரீம். 10,000-க்கு மேல் செலவழிக்கத் துணிந்தவர் அந்தப் பணத்தில் பாதியை அளவுக்கேற்ற சீட்டில் போடட்டும்.

ஓட்டி முடித்ததும் அதே ஷார்ட்ஸோடு ஹோட்டலில் உட்கார்ந்து பொங்கல் வடை சாப்பிட்டு, போட்டோ எடுத்து, காரில் வீடு திரும்பும் பழக்கம்தான் வேனற்கட்டிக்கு அழைப்பு. காரில் ஒரு லுங்கி வைத்துக்கொள்ளுங்கள். கழுவித் துடைத்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் லுங்கியோடு இருக்கும் இரண்டு மணி நேரம் எந்தக் கிரீமும் செய்யாத வேலையைச் செய்யும். ஷார்ட்ஸை உடனே அலசி, உள்பக்கம் வெளியே தெரிய நிழலில் காயப் போடுங்கள். கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் எதுவும் கூடாது, அது இழையின் மேல் படிந்து வியர்வையை உறிஞ்ச விடாது. வெந்நீரும் வாஷிங் மெஷினின் டிரையரும் லைக்ராவைக் கொன்றுவிடும்.

கட்டி வலித்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். வெந்நீர் ஒத்தடம், ஓய்வு, பெரும்பாலும் அமுங்கிவிடும். காய்ச்சலோடு சேர்ந்தால், பெரிதாகிக்கொண்டே போனால், தொடும்போது கொதித்தால் டாக்டரிடம் போக வேண்டியதுதான். நீங்களே கிள்ளிவிடாதீர்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஷார்ட்ஸுக்கு ஆயுசு உண்டு. பேட் அழுத்தியதும் எழாமல் போவது ஒரு அடையாளம். பின்பக்கத் துணி தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆவது இன்னொன்று. அது உங்களுக்குத் தெரியவே தெரியாது, பின்னால் ஓட்டி வருகிறவருக்குத்தான் தெரியும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நீங்களே அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். அவர் சொல்ல மாட்டார்.